'என்கிட்ட யாருமே கேக்கலக்கா!' - ஊர் ஊராகப் பள்ளி மாறும் ராணுவ வீட்டுப் பிள்ளைகளின் கதை

என்னிடம் நான்கு டி.சி. நகல்கள் பத்திரமாக இருக்கின்றன. நான்கும் நான்கு பள்ளிகள் கொடுத்தவை. 'பள்ளியை விட்டு விலகும் காரணம்' என்ற இடத்தில் எல்லாவற்றிலும் ஒரே பதில்தான்: தந்தையின் பணியிட மாறுதல்.

அப்பா ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் வாகன மெக்கானிக். ஹவில்தாராக ஓய்வு பெற்றார். ஒன்றாம் வகுப்பு செகந்திராபாத்தில், மூன்றாம் வகுப்பு ஜான்சியில், ஐந்தாம் வகுப்பின் பாதியிலிருந்து வேலூர் பக்கம் எங்கள் கிராமத்தில், ஏழாம் வகுப்பு பஞ்சாப் மாநிலம் பதிண்டாவில், ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆவடியில். 12 வருடப் படிப்பில் ஐந்து பள்ளிகள். இதைச் சொன்னால் பலரும், "சூப்பர்ப்பா, இந்தியா முழுக்க சுத்தியிருக்க!" என்பார்கள். சுற்றியது உண்மைதான். ஆனால் ஒவ்வோர் ஊரிலும் வகுப்பறை வாசலில் புதுப் பையுடன் நின்று, உள்ளே இருக்கும் 40 ஜோடிக் கண்களைப் பார்த்த அந்த முதல் நிமிடத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் பெரியம்மா மகள். அக்காவின் கணவரும் ராணுவத்தில்தான் இருக்கிறார். அவருக்கு ஃபீல்டு போஸ்டிங் வந்துவிட்டது. அக்கா ஒன்பது வயது மகனை அழைத்துக்கொண்டு ஊருக்கு வருகிறார். "நீதான் இதெல்லாம் பாத்தவ. இவன எந்த ஸ்கூல்ல போடலாம், சொல்லு" என்று போனில் கேட்டார். பள்ளியின் பெயரைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் அக்காவிடம் நான் சொல்ல நினைத்தது வேறு விஷயம். அது என் தம்பியிடமிருந்து தெரிந்துகொண்டது.

பீஸ், ஃபீல்டு: வீட்டின் காலண்டர் இதுதான்

ராணுவ வீடுகளில் இரண்டு வார்த்தைகள் எப்போதும் காதில் விழும். ஒன்று 'பீஸ்', இன்னொன்று 'ஃபீல்டு'. பீஸ் ஸ்டேஷன் என்றால் குடும்பத்தோடு குவார்ட்டர்ஸில் இருக்கலாம். ஃபீல்டு என்றால் எல்லைப் பகுதி, குடும்பத்துக்கு அனுமதி கிடையாது. பொதுவாக இரண்டு, மூன்று வருடங்களுக்கு ஒருமுறை இந்த இரண்டுக்கும் நடுவே வாழ்க்கை மாறிக்கொண்டே இருக்கும்.

போஸ்டிங் ஆணை, பள்ளி காலண்டரைப் பார்த்து வருவதில்லை. தமிழ்நாட்டில் ஜூனில் பள்ளி திறக்கும், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஏப்ரலிலேயே புது வகுப்பு தொடங்கிவிடும். மாறுதலோ அக்டோபரில் வரும், ஜனவரியில் வரும், முழு ஆண்டுத் தேர்வுக்கு மூன்று வாரம் முன்பும் வரும். ஒரு பள்ளியில் பின்னம் ஆரம்பிக்கும் முன்பே கிளம்புவோம். அடுத்த பள்ளியில் பின்னம் முடிந்து தசமம் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு ஏழாம் வகுப்பு வரை பின்னத்தைக் கண்டாலே பயம். காரணம், அந்தப் பாடம் நடந்த நாளில் நான் எந்தப் பள்ளியிலும் இல்லை, ரயிலில் இருந்தேன்.

வீட்டை மாற்றுவதில் அம்மா நிபுணர். அப்பாவின் நம்பரும் பெயரும் வெள்ளை பெயின்ட்டில் எழுதிய கறுப்பு ட்ரங்க் பெட்டிகள் ஐந்து. எந்தப் பெட்டியில் குக்கர், எதில் கம்பளி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். எங்கள் நோட்டுகளும் ரேங்க் கார்டுகளும் மட்டும் பெட்டிக்குள் போகாது. அவை அம்மாவின் தோள்பையில், அவர் மடியிலேயே வரும். "பாத்திரம் தொலைஞ்சா கேன்டீன்ல வாங்கிக்கலாம்" என்பார்.

கஷ்டம் தெரியாத பள்ளிகளும் இருந்தன

செகந்திராபாத்திலும் ஜான்சியிலும் நாங்கள் படித்தது கேந்திரிய வித்யாலயா. இடம் மாறும் மத்திய அரசு ஊழியர்கள், ராணுவத்தினரின் பிள்ளைகளுக்காகவே தொடங்கப்பட்டவை இந்தப் பள்ளிகள். 1963-ல் ராணுவ முகாம்களில் இருந்த 20 ரெஜிமென்ட் பள்ளிகளை எடுத்துக்கொண்டுதான் இந்தத் திட்டம் ஆரம்பமானது. இன்று 1,200-க்கும் மேற்பட்ட பள்ளிகள். மாஸ்கோ, டெஹ்ரான், காத்மாண்டு ஆகிய வெளிநாட்டு நகரங்களிலும் ஒவ்வொன்று உண்டு. இதேபோல ராணுவ நலக் கல்விச் சங்கம் 1983-லிருந்து ஆர்மி பப்ளிக் ஸ்கூல்களை நடத்துகிறது.

இந்தப் பள்ளிகளின் பெரிய பலம், ஊர் மாறினாலும் பள்ளி மாறாதது போன்ற ஓர் உணர்வு. அதே சீருடை, அதே புத்தகம், காலையில் அதே பிரார்த்தனை. செகந்திராபாத்தில் விட்ட பாடத்தை ஜான்சியில் தொடரலாம். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. வகுப்பில் பாதிப் பேர் எங்களைப் போல எங்கிருந்தோ வந்தவர்கள். ஜான்சியில் என் பக்கத்தில் உட்கார்ந்த மணிப்பூர் பெண், முதல் நாளே, "நீ இதுக்கு முன்னாடி எந்த ஸ்டேஷன்?" என்று இந்தியில் கேட்டாள். 'உன் சொந்த ஊர் எது' என்று கேட்கவில்லை. அங்கே எல்லோருமே 'புதுசு' என்பதால் யாருமே புதுசு இல்லை.

ஆனால் எல்லா இடமாற்றமும் கே.வி-யிலிருந்து கே.வி-க்கு நடப்பதில்லை. அப்பா ஃபீல்டுக்குப் போனால், பெரும்பாலான குடும்பங்கள் சொந்த ஊருக்குத் திரும்பும். தாத்தா, பாட்டி துணை இருக்கும், வாடகை இருக்காது. எங்கள் வேலூர் பக்கத்தில் பல கிராமங்களில் தெருவுக்கு நாலு ராணுவ வீடு இருக்கும். வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்துக்குப் போன ஊர் என்று கம்மவான்பேட்டையைச் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊர்களில் கே.வி. பக்கத்திலேயே இருக்காது. உள்ளூர் பள்ளிதான். எங்களுக்கும் சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

பேசத் தெரியும், எழுதத் தெரியாது

2009 அக்டோபர். அப்பாவுக்கு காஷ்மீர் போஸ்டிங். ஜான்சியில் பள்ளி விடுமுறை நடந்துகொண்டிருந்தது. நண்பர்கள் எல்லோரும் அவரவர் ஊருக்குப் போயிருந்த அந்தப் பத்து நாளுக்குள் நாங்கள் பெட்டி கட்டி, ரயில் ஏறி, காட்பாடியில் இறங்கிவிட்டோம். யாரிடமும் 'போயிட்டு வரேன்' சொல்லவில்லை.

ஊரில் ஓர் ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்தார்கள். எனக்கு ஐந்தாம் வகுப்பு. கணக்கு, அறிவியலை எப்படியோ சமாளித்தேன். தமிழ்தான் முடியவில்லை. வீட்டில் தமிழ்தான் பேசுவோம், அம்மா சண்டை போடுவதும் தமிழில்தான். ஆனால் எனக்கு எழுதத் தெரிந்தது என் பெயரும் 'அம்மா, அப்பா'வும் மட்டும். அதுவரை நான் படித்த மொழிப் பாடம் இந்தி. முதல் வாரமே டிக்டேஷன். 20-க்கு இரண்டு மதிப்பெண். "தமிழ்ப் பொண்ணா இருந்துக்கிட்டு தமிழ் எழுதத் தெரியலையா?" என்று ஒரு டீச்சர் கேட்டார். வகுப்பு சிரித்தது. ஜான்சியில் என்னை 'மதராசி' என்றார்கள். சொந்த ஊரில் எனக்கு 'இந்திக்காரி' என்று பெயர் விழுந்தது.

தமிழ்நாட்டில் 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தின்படி, ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகத் தமிழ் கட்டாயப் பாடமானது. தமிழ்ப் பிள்ளைகள் தமிழ் படிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. இன்று தமிழில் எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் பாதியில் வந்து சேரும் பிள்ளைக்கு அந்தத் தமிழைக் கற்றுத்தர ஓர் ஏற்பாடு வேண்டும். ஐந்து வருடப் பாடத்தை ஐந்து நாளில் எட்டிப்பிடிக்க முடியாது.

எனக்கு அந்த ஏற்பாட்டைச் செய்தவர், அதே பள்ளியின் தமிழாசிரியை. மதிய இடைவேளையில் 20 நிமிடம் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைப்பார். புத்தகத்தைத் திறக்கவே மாட்டார். "நேத்து பஸ்ஸ்டாண்டுல எந்தெந்த பஸ் பாத்த? போர்டுல என்ன எழுதியிருந்துச்சு?" என்று கேட்பார். ஆரணி, அணைக்கட்டு பஸ்களில் 'ண' படித்தேன். பள்ளிகொண்டா, சோளிங்கர் 'ள' சொல்லிக்கொடுத்தன. வாலாஜாவில் 'ல'. ஆரணி பக்கம் இருக்கும் வாழைப்பந்தலில்தான் முதன்முதலாக 'ழ' எழுதினேன். பொங்கல் வருவதற்குள் பஸ் போர்டுகளை எல்லாம் படித்துவிடுவேன்.

அவர் செய்த இன்னொரு காரியம், இந்திய வரைபடத்தை கரும்பலகையில் மாட்டி, "நீ இருந்த ஊரெல்லாம் எங்க இருக்குன்னு இவங்களுக்குக் காட்டும்மா" என்றது. செகந்திராபாத்திலிருந்து ஜான்சிக்கு விரலை இழுத்தேன். பின்பெஞ்ச் பையன் ஒருவன், "அங்க குளிர் எப்படி இருக்கும்?" என்று கேட்டான். வாயைத் திறந்தால் குகையிலிருந்து வருவதுபோல் புகை வரும் என்றேன். அன்றிலிருந்து 'இந்திக்காரி' நின்றது. எனக்குத் தெரியாத ஒன்றை வைத்து என்னை அளந்த வகுப்பு, எனக்குத் தெரிந்த ஒன்றை அன்றுதான் பார்த்தது.

தம்பிக்கு அப்படி ஒரு டீச்சர் கிடைக்கவில்லை

என்னைவிட இரண்டு வயது சின்னவன் தம்பி. ஜான்சியில் மூன்றாம் வகுப்பில் இருந்தான், நன்றாகப் படிப்பான். அதே பள்ளியில் அவனுக்கு ஒரு தேர்வு வைத்தார்கள். தமிழில் ஒரு வரிகூட எழுதவில்லை. "ரெண்டாவதுல போட்டுடலாம்மா. அப்பதான் ஃபவுண்டேஷன் ஸ்ட்ராங்கா இருக்கும்" என்றார்கள். அப்பா காஷ்மீரில். தாத்தாவுக்கு இதெல்லாம் புரியாது. அம்மா தனியாக உட்கார்ந்து யோசித்து, தனியாகக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் வகுப்பு லீடராக இருந்தவன், திடீரென்று இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு நடுவே, எல்லோரையும்விட உயரமாக, கடைசி பெஞ்சில். சில வாரங்களில் அவன் பள்ளியில் பேசுவதை நிறுத்திவிட்டான். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், அவ்வளவுதான். டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும். ராத்திரி தூக்கத்தில் இந்தியில் ஜான்சி நண்பர்களின் பெயரைச் சொல்லிப் பேசுவான். பார்க்க வரும் சொந்தக்காரர்கள், "மிலிட்டரிக்காரர் பையன் இப்படி இருக்கலாமா? தைரியமா இருக்க வேணாமா?" என்பார்கள். எட்டு வயதுகூட ஆகாத பையனிடம்!

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா போன் செய்வார். லைன் கிடைத்தால் பத்து நிமிடம். அதற்கு முன்பே அம்மா எங்களிடம், "அப்பாகிட்ட எதுவும் சொல்லாதீங்க. அங்க அவரு நிம்மதியா இருக்கணும்" என்று சொல்லிவிடுவார். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. எல்லையில் நிற்கும் மனிதரிடம் வீட்டுக் கவலையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற பயம், ராணுவ வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் உண்டு. "ஸ்கூல் எப்படிடா இருக்கு?" என்று அப்பா கேட்பார். "நல்லா இருக்குப்பா" என்பான் தம்பி. அந்த வாரத்தில் அவன் வாயிலிருந்து வந்த முழு வாக்கியமே அதுவாகத்தான் இருக்கும்.

பதிண்டாவுக்குப் போய், அப்பாவோடு சேர்ந்த பிறகு மெல்லப் பழைய தம்பியாக மாறினான். ஆனால் போன அந்த ஒரு வருடம் திரும்பவில்லை. அவன் கல்லூரியில் சேரும்போது, ஜான்சியில் அவனோடு படித்தவர்கள் எல்லாம் இரண்டாம் ஆண்டில் இருந்தார்கள்.

இந்தக் கட்டுரைக்காக, போன வாரம் அவனிடம் பேசினேன். "அந்த ஒரு வருஷம் போனது இன்னும் வருத்தமாடா?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "வருஷம் போனது பெருசு இல்லக்கா. என்னை ரெண்டாவதுல போடுறதப் பத்தி எல்லாரும் பேசுனாங்க. ஜான்சியில என்ன படிச்ச, உனக்கு என்ன தெரியும்னு என்கிட்ட யாருமே கேக்கல. எனக்கு வாய்ப்பாடு பதினஞ்சு வரைக்கும் தெரியும்க்கா... இந்தியில" என்றான்.

15 வருடங்களுக்குப் பிறகும் அவன் மனதில் நிற்பது அந்தக் கேட்கப்படாத கேள்விதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

தம்பியைக் கீழ்வகுப்பில் போட்ட ஆறே மாதத்தில், 2010 ஏப்ரல் 1-ம் தேதி கல்வி உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் எந்த வகுப்பிலும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது அது. (2019-ல் வந்த திருத்தம் 5, 8-ம் வகுப்புகளுக்கு மட்டும் முடிவை மாநிலங்களிடம் விட்டிருக்கிறது.) அதே சட்டத்தின் 5-வது பிரிவு, வேறு ஊருக்கு மாறும் பிள்ளை அங்குள்ள அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியிலோ சேர்வதை உரிமையாக்கியது. தலைமை ஆசிரியர் டி.சி-யை உடனே தர வேண்டும். டி.சி. வரத் தாமதமானாலும், அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. பாதி வருடத்தில் வந்து நிற்கும் அம்மாக்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

அமெரிக்காவில் ராணுவப் பிள்ளைகளுக்காக மாநிலங்களுக்கு இடையே ஓர் ஒப்பந்தமே இருக்கிறது. 2008-ல் தொடங்கி, இன்று 50 மாநிலங்களும் அதில் உண்டு. பழைய பள்ளியில் எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில் இருந்தாரோ, புதுப் பள்ளி முதலில் அதை ஏற்றுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சோதித்துப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். போருக்குப் போகும் அல்லது திரும்பி வரும் அப்பா, அம்மாவோடு இருக்க விடுப்பும் தரலாம். இங்கிலாந்தில் 2011 முதல், ராணுவ வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகளுக்கு, அவர்களைக் கவனித்துக்கொள்வதற்கென்றே தலைக்கு இவ்வளவு எனத் தனி நிதி கொடுக்கிறார்கள்.

நம் ஊரில் கே.வி. என்ற ஏற்பாடு, அதற்குள்ளேயே இருப்பவர்களுக்கு நன்றாக வேலை செய்கிறது. அதற்கு வெளியே, கிராமத்துப் பள்ளியில் வந்து சேரும் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பது அந்தப் பள்ளியில் இருக்கும் டீச்சரின் மனதைப் பொறுத்ததாகவே இருக்கிறது. ஒரே பள்ளியில், ஒரே வருடத்தில், எனக்கு ஒன்று நடந்தது, தம்பிக்கு வேறொன்று நடந்தது.

அக்காவுக்குச் சொன்னவை... உங்களுக்கும்!

அக்காவிடம் போனில் சொன்னதை அப்படியே இங்கே தருகிறேன். ராணுவ வீடு மட்டுமல்ல, வங்கி, ரயில்வே, போலீஸ் என்று இடம் மாறும் எந்த வீட்டுக்கும் இது பொருந்தும்.

1. விடைபெறுவதற்கு நேரம் கொடுங்கள். கிளம்பும் முன் பிள்ளை தன் நண்பர்களிடமும் டீச்சரிடமும் சொல்லிக்கொள்ளட்டும். ஒரு மிட்டாய் பாக்கெட், ஒரு போட்டோ, நாலு போன் நம்பர் போதும். சொல்லிக்கொள்ளாமல் வந்த பிள்ளையின் மனம் பழைய வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கும்.

2. தோள்பையில் இவை இருக்கட்டும். டி.சி., ரேங்க் கார்டு, தடுப்பூசி அட்டை, ஆதார் ஆகியவற்றோடு, பாதி எழுதிய நோட்டுகளையும் பழைய பாடப் புத்தகங்களையும் எடைக்குப் போடாமல் எடுத்து வாருங்கள். எதுவரை நடத்தியிருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. முடிந்தால் பழைய வகுப்பாசிரியரிடம், "இவன் இதில் கெட்டி, இதில் உதவி வேண்டும்" என்று ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள்.

3. யூனிட்டில் கேட்டு வாங்க வேண்டியவை. கே.வி. சேர்க்கையில், கடந்த ஏழு வருடங்களில் எத்தனை முறை இடமாற்றம் என்பதற்கு முன்னுரிமை உண்டு. அதற்கான சர்வீஸ் சர்டிஃபிகேட்டை யூனிட் ஆபீஸில் வாங்கிவையுங்கள். குழந்தைகள் கல்விப் படி 2024 ஜனவரி முதல் ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812 ரூபாய் 50 பைசா, மூத்த இரண்டு பிள்ளைகளுக்குக் கிடைக்கும். பள்ளி மாறிய வருடத்தில் இதற்கான சான்றிதழை மறந்துவிட வேண்டாம். கணவர் ஃபீல்டில் இருக்கும்போது குடும்பம் மட்டும் தங்கும் எஸ்.எஃப். குவார்ட்டர்ஸ் சில ஊர்களில் உண்டு. காத்திருப்போர் பட்டியல் இருக்கும் என்பதால் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

4. பத்தாவது, பன்னிரண்டாவதில் ஜாக்கிரதை. சி.பி.எஸ்.இ-யில் பொதுத்தேர்வுக்கான பதிவு 9-லும் 11-லுமே முடிந்துவிடும். 10, 12-ல் நேரடியாகச் சேர, பெற்றோரின் இடமாற்றம் போன்ற தகுந்த காரணமும் வாரியத்தின் அனுமதியும் வேண்டும். அதனால் பல ராணுவக் குடும்பங்கள் ஒன்பதாம் வகுப்பிலேயே ஓர் ஊரில் நிலைத்துவிடுகின்றன. எங்களுக்கு அது ஆவடி. சிலர் திருப்பூர் மாவட்டம் அமராவதி நகரில், 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளி போன்ற உறைவிடப் பள்ளிகளை நாடுகிறார்கள். பிள்ளை விடுதிக்குத் தயாரா என்று பிள்ளையிடமே கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

5. மொழியை இரண்டு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். போஸ்டிங் வந்த அன்றே, தினமும் 15 நிமிடம். புத்தகம் வேண்டாம், மளிகைப் பட்டியல், பஸ் போர்டு, தாத்தாவுக்கு வாட்ஸ்அப் மெசேஜ் என்று தொடங்கலாம்.

6. போனில் பொய் சொல்லச் சொல்லாதீர்கள். எல்லாக் கவலையையும் அப்பாவிடம் கொட்ட வேண்டியதில்லை. ஆனால், "தமிழ் கஷ்டமா இருக்குப்பா, டீச்சர் சொல்லித் தராங்க" என்று பிள்ளை சொல்வதில் தவறில்லை. தூரத்தில் இருப்பவருக்கும் தான் இன்னும் அப்பாதான் என்ற நிம்மதி அதில்தான் கிடைக்கும். என் அப்பா ஓய்வுபெற்று வந்த பிறகுதான் தம்பி விஷயம் அவருக்கு முழுசாகத் தெரிந்தது. "அன்னிக்கே சொல்லியிருந்தா, ஹெட்மாஸ்டருக்கு ஒரு லெட்டராவது போட்டிருப்பேனே" என்றார். அன்று முழுக்க வேறெதுவும் பேசவில்லை.

7. உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். "அப்பா எப்ப வருவாரு?", "பயமா இல்லையா?" என்ற கேள்விகளைத் தயவுசெய்து பிள்ளையிடம் கேட்காதீர்கள். டி.வி-யில் எல்லைச் செய்தி ஓடும்போது சத்தத்தைக் குறையுங்கள். 'மிலிட்டரிக்காரர் பையன் அழக் கூடாது' என்று எந்த ராணுவ விதியிலும் இல்லை.

ஆசிரியர்களே, ஒரு நிமிடம்!

இதைப் படிக்கும் ஆசிரியர்கள் நிறைய பேர் இருப்பீர்கள். வகுப்பில் 40 பிள்ளைகள், எமிஸ் பதிவேற்றம், தேர்வு வேலை என்று உங்கள் நாள் எப்படி ஓடுகிறது என்று தெரியும். உங்கள் நேரத்தில் நான் கேட்பது கொஞ்சம்தான்.

பாதி வருடத்தில் ஒரு பிள்ளை வந்து நின்றால், முதல் நாளே தேர்வு வைக்காதீர்கள். நல்ல மனசுள்ள ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்காரவையுங்கள். முதல் ஒரு வாரம் மதியச் சாப்பாட்டுக்கு அந்தப் பிள்ளையே துணையாகப் போகட்டும், கழிவறை எங்கே, தண்ணீர் எங்கே என்று காட்டட்டும். புதுப் பிள்ளைக்குப் பெரிய பயமே, சாப்பாட்டு நேரத்தில் யாரோடு உட்காருவது என்பதுதான். பாடம் எல்லாம் அதற்குப் பிறகு வரும்.

அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "அங்க நீ என்ன படிச்ச? எனக்குச் சொல்லு." பிள்ளை இந்தியில் சொன்னாலும், பஞ்சாபியில் சொன்னாலும், சைகையில் சொன்னாலும் கேளுங்கள். கேட்ட பிறகு எந்த வகுப்பு, எந்த பெஞ்ச் என்று முடிவு செய்யுங்கள்.

அக்கா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரிடி, இப்பவாவது ஸ்கூல் பேரச் சொல்லு" என்றார். இரண்டு பள்ளிகளின் பெயரைச் சொன்னேன். எந்தப் பள்ளியில் பையனைப் பார்த்து, குனிந்து, அவனிடம் பேசுகிறார்களோ, அங்கே சேர்த்துவிடச் சொன்னேன். கட்டடத்தையும் ரிசல்ட் பேனரையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.